ஊழும் தெரிவும்

திருக்குறளின் ஊழ் அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ஒரு சங்கடத்துக்கு ஆளாகாமல் தப்ப முடியாது. ஊழினும் வலியது வேறில்லை என்று 38ஆம் அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவரே, 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில், தளராது முயல்வோர் ஊழையும் வெல்வர் என்கின்றார். மாணவர் எதனைக் கொள்வது?

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் இவ்விரு அதிகாரங்களையும் ஒப்பிட்டுக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி எழுந்து கேட்ட வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். அவளுடைய தம்பிக்குத் தலசீமியா நோய். மாதந்தோறும் அவனுக்கு இரத்தம் ஏற்றவேண்டும். பெற்றோர் கூலிவேலை செய்வோர். வைத்தியசாலைக்குப் போகும் நாளில் ஒருவருடைய கூலி இல்லை. அவள் கேட்டாள்: "கருவைச் சோதிச்சு, வருத்தமில்லாததை மட்டும் எடுக்கலாமெண்டு வாசிச்சன், சேர். அம்மா அப்பிடிச் செய்திருந்தா தம்பி பிறந்திருக்கமாட்டான்தானே? அது முயற்சியோ, பாவமோ?"

அன்று மணி அடித்தது நமக்கு வசதியாயிற்று. ஆயினும் அவ்வினாவுக்கு நாம் கடன்பட்டிருக்கின்றோம்.

முதலில் உண்மைகளை நோக்குவோம். தலசீமியா இரத்தத்தின் ஈமோகுளோபினைப் பற்றிய பரம்பரை நோய். பழுதான பரம்பரை அலகைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெறும் பிள்ளைக்கே நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் வெறும் காவியாக, நலமாகவே வாழ்வார். காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நோயுற்ற பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் வேண்டும். அவ்விரத்தத்தோடு சேரும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியாதிருக்க மருந்தும் வேண்டும்.

இது முற்பிறப்பின் வினையன்று. தலசீமியாக் காவிகள் மலேரியாவைத் தாங்கி நின்றதாலேயே இவ்வலகு மனிதரிடையே நிலைத்தது என்ற கருத்தை ஜே. பி. எஸ். ஹால்டேன் 1949இல் முன்வைத்தார். பொதுவுடைமைச் சிந்தனையோடு விஞ்ஞானத்தை மக்களுக்கு எழுதிய அப்பேரறிஞர், 1957இல் இந்தியாவுக்கு வந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். நமது வன்னியோ நெடுங்காலம் மலேரியா ஆண்ட நிலம். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நுளம்பின் கொடுமை நீங்கிற்று. முன்னோர் அதைத் தாங்கி வாழ்ந்ததன் கடனை இன்றும் சில பிள்ளைகள் தம் இரத்தத்தால் அடைக்கின்றனர்.

கருச்சோதனை 1990இல் இலண்டனில் முதன்முதல் வெற்றிகண்டது. கருவை உடலுக்கு வெளியே உருவாக்கி, ஏறத்தாழ ஐந்தாம் நாளில் அதன் புறப்படையிலிருந்து சில கலங்களை எடுத்துச் சோதித்து, நோயற்ற கருவைத் தாயின் கருப்பையில் வைப்பதே இன்றைய முறை. நம் நாட்டின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பை அனுமதியாது. ஆகவே, கருப்பையை அடையுமுன் செய்யும் இச்சோதனை நம்மவர்க்கு வேறெங்கினும் முக்கியமானது.

இது பாவமா? நமது மண்ணில் கண்ணிவெடிகளை அகற்றுகின்றோம்; அதனால் காலிழந்தோரை நாம் இழிவுபடுத்துவதில்லை. நோயைத் தடுப்பதும் அவ்வாறே எனலாம். ஆனால் இவ்வுவமை பாதித் தூரமே வரும். வெடியை அகற்றினால் அதே மனிதன் காலோடு நடக்கின்றான். கருவைத் தெரிந்தாலோ வேறொரு பிள்ளை பிறக்கின்றது. அம்மாணவி அதைத்தான் கண்டாள். அவளை ஏமாற்றலாகாது. ஆம், அவளுடைய தம்பி பிறந்திருக்கமாட்டான்.

ஆயினும் வேறொரு மாதத்தில் கருத்தரித்திருந்தால் அவளும்தான் பிறந்திருக்கமாட்டாள், நாமும்தான். எந்தப் பிறப்பின் பின்னாலும் பிறவாத எண்ணிறந்தோர் உளர். அவர்களுக்கு எவரும் அநீதி இழைக்கவில்லை. அநீதி என்பது இருப்பவருக்கே இழைக்கப்படுவது. ஐந்து நாட் கருவைப் பற்றிய தெரிவு வேறு. பெயர் சூட்டி மடியில் வளர்த்த பிள்ளைக்கு ஆற்றவேண்டிய கடமை வேறு. முன்னையதால் பின்னையது ஓர் அணுவளவும் குறையலாகாது. "சோதிக்க வழியிருந்தும் பெற்றீர்கள், செலவை நீங்களே சுமவுங்கள்" என்று ஒரு சமுதாயம் சொல்லத் தொடங்கும் நாளில்தான் இத்தெரிவு கொடுமையாகின்றது.

தெரியும் உரிமை எவர் கையில் என்பதும் முக்கியம். 1933இல் ஹிட்லரின் ஜேர்மனி, பரம்பரை நோயைத் தடுப்பதாகச் சட்டமியற்றி, ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரை மலடாக்கியது. பெண்மகவை வேண்டாத சமுதாயம் இதே நுட்பத்தை எங்கே திருப்பும் என்பதை அறிந்தே, கருவின் பாலறிந்து சொல்வதை 1994இல் தடைசெய்த இந்தியா, 2003இல் கருத்தரிக்குமுன் செய்யும் பால்தெரிவையும் அச்சட்டத்துள் அடக்கியது. கொடிய நோயைத் தடுப்பதற்கு மட்டும், பெற்றோர் தாமாக விரும்பி, என்ற எல்லை இன்றியமையாதது.

இன்னொரு தடை பணம். சென்னை போன்ற நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் இச்சோதனைக்கு இலட்சக்கணக்கில் செலவாகும். ஒரே முயற்சியில் கரு தங்குமென்ற உறுதியும் இல்லை. கூலி உழைப்பாளியிடம் போய், நோயை அவர்தாம் தெரிந்தார் என்று எவர் சொல்லமுடியும்? காசுள்ளவனுக்குத் தெரிவு, இல்லாதவனுக்கு ஊழ் என்பதே இன்றைய நிலை. இலவச வைத்தியத்தைக் கொள்கையாகக் கொண்ட நாடு இதனை ஏற்கலாகாது.

செலவு குறைந்த வழி மணத்துக்கு முன் செய்யும் இரத்தப் பரிசோதனை. சைப்பிரஸ் தீவு அதனை நாடெங்கும் பரப்பியது. திருச்சபையும் மணமக்களிடம் சான்றிதழ் கேட்டது. நோயோடு பிறப்போர் தொகை அங்கே மிகவும் அருகியது. அதே வேளை, ஏற்கெனவே பிறந்தோருக்குச் சிகிச்சையும் தொடர்ந்தது. நாமோ சாதகம், சாதி, சீதனம் மூன்றையும் தவறாமல் பார்த்து, இரத்தத்தை மட்டும் பாராதுவிடுகின்றோம். பார்க்கத் தொடங்கினாலும், காவியான பெண்ணுக்கு இன்னும் இரண்டு இலட்சம் சீதனம் கூட்டிக் கேட்கும் மாமிமார் தோன்றக்கூடும். இரு பக்கமும் காவியாயிருந்தாலன்றி இந்நோய் வராது என்பதைப் பாடசாலையிலேயே பிள்ளைகள் அறியவேண்டும்.

அம்மாணவிக்கு நமது விடை இது: உன் தாய்க்கு அத்தெரிவு கிட்டியிருந்து, அவள் அதனை ஏற்றிருந்தால், அது பாவமாகாது. ஏற்காதிருந்தாலும் எவரும் அவளைக் குறைகூற முடியாது. உன் தம்பி பிழையாகப் பிறந்தவனல்லன். நம் எல்லோரிடமும் உரிமையோடு கேட்கவேண்டியவன்.

அவன் கேட்பது அடுத்த மாதத்துக்கான இரத்தம். 18 வயது நிரம்பி உடல்நலமுடைய நம்மில் பெரும்பாலோர், நான்கு மாதத்துக்கு ஒருமுறை அதனைக் கொடுக்கலாம். ஊழைப் பற்றிய பாடத்தை நம் ஆசிரியர் அறையிலிருந்தே தொடங்குவோம்.