சுமையும் பொறுப்பும்

கிறிஸ்தவர்களின் மீட்புக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது நம்மவர் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கின்றனர். ஒருவர் செய்த பாவத்துக்கு இன்னொருவர் தண்டனை ஏற்பது எப்படி நீதியாகும்? நியாயமான கேள்விதான். ஆனால் கிறிஸ்தவ அறிஞர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேன்டர்பரிப் பேராயர் ஆன்செல்ம் இக்கொள்கைக்குத் தர்க்க வடிவம் கொடுத்தார். இறைவனுக்கு இழைத்த குற்றத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் மனிதன். அதற்கான ஆற்றலோ அவனிடம் இல்லை. எனவே இறைவனே மனிதனாகி ஈடுசெய்தான் என்பது அவருடைய வாதம். அடுத்த நூற்றாண்டில் பீட்டர் அபெலார்ட் இதை மறுத்தார். குற்றமற்றவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா என்றார். மனித உள்ளத்தில் அன்பை எழுப்புவதே சிலுவையின் பயன் என்பது அவர் கருத்து.

நமது நிலைப்பாடு வேறு. ஆதம் (அலை) அவர்கள் தவறினார்கள், தௌபாச் செய்தார்கள், அல்லாஹ் மன்னித்தான். அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்தது; பிள்ளைகளுக்கு அது முதுசமாக வரவில்லை. ஒருவரின் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் நியதி.

ஆயினும் மன்னிப்பு இலவசம் என்று நாமும் சொல்வதில்லை. தொழுகையோடும் நோன்போடும் மறுமைக்கு வந்தும் வங்குரோத்தாகிப் போனவனைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். அவன் அநியாயம் செய்த மனிதர்களுக்கு அவனது நன்மைகள் பங்கிடப்படுகின்றன. அவை தீர்ந்ததும் அவர்களின் பாவங்கள் அவன்மீது ஏற்றப்படுகின்றன. மனிதருக்குரிய ஹக்கை அந்த மனிதரே மன்னிக்க வேண்டும். அநீதிக்கு யாராவது விலை கொடுத்தேயாக வேண்டும் என்ற உணர்வில் இரு சமயத்தாரும் அண்டை வீட்டார்தாம்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செய்தவர்கள் நமது கலிமாவைச் சொன்னவர்கள். அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு மறையுரையில் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். கோவையை மூடிவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. உண்மை வெளிவர வேண்டும் என்று அவர் தொடர்ந்து கேட்டார். பிள்ளைகளை இழந்த பெற்றோரும் குருமாரும் நீதிமன்றம் சென்றனர். கிடைத்த உளவுத் தகவலின்மீது நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னிப்பு பகையைக் கைவிடுகிறது; நீதியைக் கைவிடுவதில்லை.

நாம் அன்று என்ன சொன்னோம்? சிலரின் குற்றத்துக்கு ஒரு சமூகம் பொறுப்பல்ல என்றோம். அது முற்றிலும் சரி. 2019 மே மாதம் குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் நமது பள்ளிவாசல்களையும் கடைகளையும் தாக்கியவர்கள் மீறியது இந்த நியதியைத்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த மக்களுக்கு இதன் அருமையை யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த நியதி நமக்குக் கேடயம் மட்டும்தானா? குண்டுவெடிப்புக்கு மூன்று மாதங்களுக்கு முன், 2019 ஜனவரியில், இதே வண்ணாத்திவில்லுப் பகுதித் தென்னந்தோட்டம் ஒன்றில் வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன. எங்கோ தூரத்தில் நடந்த கதை என்று இந்த ஊர்க்காரர் சொல்ல முடியாது. பாவம் கைமாறுவதில்லை, பொறுப்போ பங்கிடப்படுகிறது. தீமையைக் கண்டால் கையால், இயலாவிடில் நாவால், அதுவும் இயலாவிடில் உள்ளத்தால் எதிர்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது இதனால்தான். கத்தோலிக்கர் தமது பூசையில், கடமையில் தவறியதையும் பாவமாக அறிக்கையிடுகின்றனர். அந்த ஒரு வரியில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஈஸா நபி (அலை) சிலுவையில் அறையப்பட்டார்களா என்ற விவாதத்தில் நாம் நமது ஈமானில் நிற்போம். ஆனால் நமது பிள்ளைகளின் காதுகளில் வெறுப்பு ஓதப்படும்போது யார் மௌனமாக இருந்தார்கள் என்ற கேள்வி அகீதா விவாதமல்ல. ஏப்ரல் 21இன் முழு உண்மையையும் கேட்பது கத்தோலிக்கருக்கு மட்டும் விதிக்கப்பட்ட கடமையுமல்ல. கொல்லப்பட்டவர்களின் ஹக்கு அதில் இருக்கிறது. நமது பெயரும் அதில் இருக்கிறது.