திரைக்கு வரும் எளியோர்

பத்திரிகைப் பத்திகளில் வாழும் எளிய மனிதரைத் திரைக்குக் கொண்டுபோகும் கலைஞன் அம்மனிதருக்குக் கடமைப்பட்டவனா? கலைக்கு மட்டுமே கடமை என்பார் சிலர். நாம் அதை ஏற்பதற்கில்லை.

லிந்துலையின் லயங்களிலிருந்து இக்கேள்வியை எழுப்ப நமக்கு உரிமையுண்டு. மலையகத் தோட்ட மக்களைச் சொற்சித்திரங்களாகத் தீட்டிய சி. வி. வேலுப்பிள்ளை 1947-ல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கை இழந்தவர்க்கு எழுத்தே சாட்சியாய் நின்றது. சாட்சியத்தைத் திருத்துதல் சிறு குற்றமன்று.

தமிழ்நாட்டின் இரு படங்களை நோக்குவோம். ஆனந்த விகடனில் வெளிவந்த தமது 'உன்னைப்போல் ஒருவ'னை ஜெயகாந்தன் தாமே 1965-ல் படமாக்கினார். மகனின் பிடிவாதத்துக்கும் தாயின் ஆசைக்கும் அதில் ஒருசேர நியாயம் உண்டு. சேரி மக்கள் அங்கே இரக்கத்துக்குரிய பொருள்கள் அல்லர், சிந்திக்கும் மனிதர்கள். தேசிய விருது கிடைத்தது, திரையரங்குகளோ தயங்கின.

மற்றொன்று தேயிலை பற்றியது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றிய பி. எச். டானியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். அதைத் தழுவிப் பாலா 2013-ல் எடுத்த 'பரதேசி'யில் தோட்டக் கொடுமை நெஞ்சை உலுக்குகிறது. ஆனால் அங்கு வரும் மருத்துவரோ மதம் பரப்பி ஆடிப்பாடும் கேலிப் பாத்திரமாகிறார். தொழிலாளியின் பக்கம் நின்ற ஒருவரின் சாட்சியத்திலிருந்து, பக்கம் நிற்றல் என்ற செயலே கழிந்துபோயிற்று. எஞ்சியது கண்ணீர்.

இரண்டு மணி நேரத்துள் எல்லாவற்றையும் அடக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நிகழ்ச்சிகளைச் சுருக்கலாம், இருவரை ஒருவராக்கலாம். அம்மனிதர் தாமே எண்ணியதையும், மறுத்ததையும், துணிந்ததையும் மட்டும் நீக்கலாகாது. துன்பம் பிறர் அவருக்கு இழைத்தது. துணிவே அவருடைய சொந்தச் சொத்து.

கொழுந்து நிறுக்கையில் சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக்கள் கழிக்கப்படுவதை நம் தாய்மார் அறிவர். பறித்தவள் கேட்பது கருணையன்று, சரியான நிறுவை. திரைக்கலைஞரிடமும் நாம் கேட்பது அதுவே.