திரும்பி வரும் பொருளும் கள்ளாமை விரதமும்



கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என்னும் ஐந்து அணுவிரதங்களையும் நாம் இளமை முதலே ஓதி வருகிறோம். இவற்றுள் கள்ளாமையே மிக எளிது என்று கருதுவோர் பலர். 'நாம் யார் வீட்டிலும் கன்னமிடவில்லையே' என்பது அவர்தம் மனநிறைவு. ஆனால் கள்ளாமைக்கு ஊறு செய்யும் குற்றங்கள் பெரும்பாலும் நள்ளிரவில் நிகழ்வன அல்ல. பட்டப்பகலில், கணக்கு எழுதும் கையிலேயே நிகழ்வன.

இக்காலத்தில் வீட்டில் இருந்தபடியே இணையத்தின் வழியாகப் பருத்திச் சேலைகளும் பித்தளைப் பொருள்களும் விற்கும் சகோதரிகள் நம்மிடையே உளர். அவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் இக்கட்டு ஒன்று உண்டு. சேலை பழுதின்றிப் போய்ச் சேர்கிறது. வாங்கியவரோ, "மனம் மாறிவிட்டது, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். போன கூலி, வரும் கூலி ஆகிய இரண்டும் யாரைச் சாரும்? சில ரூபாய்களே ஆயினும், வினைக்கட்டு ரூபாயை எண்ணி வருவதில்லை. கருத்தை எண்ணி வருகிறது.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கள்ளாமைக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை ஏற்றல், அரசின் நெறிக்கு மாறாக ஒழுகுதல், அளவையில் குறைத்தோ மிகுத்தோ கொடுத்து வாங்குதல், ஒன்றைப் போன்ற வேறொன்றைக் காட்டி விற்றல் என்பனவே அவை. இவற்றுள் பின்னைய மூன்றும் நம் வினாவுக்கு விடை தருகின்றன.

முதலாவது, அரசின் நெறி. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, பழுதான பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும், குறித்த காலம் கடந்து வந்த பொருளையும் திரும்ப ஏற்க விற்பவர் மறுத்தல் ஆகாது; இயற்கைச் சீற்றம் போன்ற தடுக்கவியலாக் காரணத்தால் நேர்ந்த காலத்தாழ்வுக்கு மட்டும் விலக்கு உண்டு. வாங்கியவர் மனம் மாறியதற்காகத் திரும்பப் பெற வேண்டும் என்று அவ்விதிகள் விற்பவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ, தொலைவிலிருந்து வாங்கியவர் பெரும்பாலான பொருள்களைக் காரணம் கூறாமலே 14 நாள்களுக்குள் திருப்பலாம். விற்பவர் வழக்கமான போக்குக் கூலியையும் சேர்த்துத் தர வேண்டும். முன்னரே அறிவித்திருந்தால் திருப்பும் கூலி வாங்கியவரைச் சாரும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறுவதை இதனால் அறியலாம். விரதமோ எங்கும் ஒன்றே. சட்டம் வாய்மூடி இருக்கும் இடத்தில்தான் அதன் வேலை தொடங்குகிறது.

இரண்டாவது, அளவை. முற்காலத்தில் படியும் துலாக்கோலும் அளவைகள். இன்று அனுப்புக் கூலியும் ஓர் அளவையே. எடுத்துக்காட்டாக, சேலையின் விலை 1,200 ரூபாய், கூலி 90 ரூபாய், ஆக 1,290 ரூபாய் பெறப்பட்டது எனக் கொள்வோம். மனம் மாறித் திருப்பியவருக்கு 1,200 ரூபாயைத் தந்து, உண்மையில் செலவான 90 ரூபாயை நிறுத்திக்கொள்வது குற்றமன்று. ஆனால் அவ்வாறு செய்வோம் என்பதை விற்கும் முன்னரே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 90 ரூபாய் செலவழித்துவிட்டு 150 ரூபாய் என்று கழித்தால், எஞ்சிய 60 ரூபாய் பிறர் பொருள். 'அனுப்புக் கூலி இல்லை' என்று பறைசாற்றி, கூலியை விலைக்குள் மறைத்துவைத்து, பொருள் திரும்பி வரும்போது மட்டும் அதனை வெளியே எடுப்பது, கள்ளத்தோடு பொய்யையும் சேர்ப்பதாகும்.

மூன்றாவது, ஒன்றைக் காட்டி வேறொன்றை விற்றல். படத்தில் அரக்கு நிறம், கையில் வந்ததோ செங்கல் நிறம் என்றால், வாங்கியவர் அதனை 'மனம் மாறியது' என்று நாகரிகமாகச் சொன்னாலும் காரணம் விற்றவரே. அங்கே இரு வழிக் கூலியும் விற்றவரையே சாரும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்தலும், நீளத்தை அளந்து எழுதுதலும், கைத்தறிக்கு இயல்பான சிறு முடிச்சுகளை மறையாது கூறுதலும் விரதத்தின் பாற்பட்டவையே. அவ்வாறே, ஒருவர் உடுத்துத் திருப்பிய சேலையை மடித்துப் புதியதென்று மற்றொருவருக்கு விற்பதும் இவ்வதிசாரமே. திரும்பி வந்தது என்று சொல்லி, விலை குறைத்து விற்கலாம்.

எனவே விதி எளிது: யார் காரணமோ அவர் கூலி ஏற்க, எதுவாயினும் முன்னரே உரைக்க, திரும்பிய பொருளால் இலாபம் தேடாதிருக்க.

வாங்குவோர்க்கும் ஒரு சொல். மூன்று சேலைகளைத் தருவித்து, ஒன்றை வைத்து இரண்டைத் திருப்புவது சிலர்க்கு வழக்கம். திருமணத்திற்கு ஒரு நாள் உடுத்துவிட்டு 'பிடிக்கவில்லை' என்பது மாயை என்னும் கஷாயம். பொருள் வாயிலுக்கு வந்தபின் பணம் தர மறுத்து அனுப்பினால், போக்குவரத்துச் செலவு ஒரு சிறு குடும்பத்தின் தலையில் விழுகிறது. வண்டி இருமுறை ஓடுகையில் வழியில் மடியும் சிற்றுயிர்களையும் எண்ணுவோமாக. பரிக்கிரக அளவை மேற்கொண்டவர், விரலால் அழுத்தும் முன் 'இது எனக்கு வேண்டுமா?' என்று வினவுவார். அவருக்குத் திருப்பும் தேவையே அருகும்.

இறுதியாக, நட்டத்தினும் கொடியது சினம். 90 ரூபாய் அடுத்த விற்பனையில் ஈடாகலாம். அதற்காகச் சொன்ன கடுஞ்சொல்லின் வினை நம்மோடு நிற்கும். தசலட்சண தருமங்களுள் உத்தம க்ஷமை முதலில் வைக்கப்பட்டதை நினைவில் கொள்வோம். தராதது நியாயமாயினும், இன்சொல்லால் மறுக்கலாம். வாங்கியவர் வறியவர் எனத் தெரிந்தால் கூலியையும் விட்டுக்கொடுக்கலாம். அது கடமையன்று, தானம்.

மாலையில் பிரதிக்கிரமணம் செய்யும்போது, அன்றைய கணக்கேட்டையும் ஒருமுறை மனத்தில் விரித்துப் பார்ப்போம். பிறர் பொருள் ஒரு ரூபாய் அதில் தங்கியிருந்தால், மறுநாள் காலையே அனுப்பிவிடுவோம்.

ஜினதருமம் ஓங்குக! எவ்வுயிரும் இன்புறுக!