பசியும் பொன்பூச்சும்

தெல்லிப்பழையில் எமது வகுப்பு மாணவி ஒருத்தி அண்மையில் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஜேர்மனியில் வாழும் பெரியம்மா அனுப்பியது. தடித்த அட்டை, விளிம்பெங்கும் பொன்பூச்சு, முகப்பிலே அடர்ந்த காடு, அதன் நடுவே இனிப்புப் பண்டங்களாலான வீடு, வாசலில் கைகோத்து நிற்கும் அண்ணனும் தங்கையும். ஹன்சல், கிரேட்டல் கதைதான். உள்ளே அத்தனையும் வெற்றுத்தாள். நான்கு மாதமாகியும் ஒரு சொல்லேனும் எழுதவில்லை. ஏனென்று வினவினோம்.

"பிழையா எழுதினா வடிவு கெட்டுப்போகும், சேர்."

அவள் எழுதுவதெல்லாம் சீ.ஆர். கொப்பியில்.

சிரித்துவிட்டு அப்பாற் செல்லக்கூடிய விடையன்று அது. எழுதுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொருள், தன் அழகினாலேயே எழுதுபவளின் வாயை அடைத்துவிடுமாயின், அந்த அழகை என்னென்பது?

கிறிம் சகோதரர்கள் 1812இல் இக்கதையை அச்சேற்றியபோது அது பஞ்சத்தின் கதையாக இருந்தது. விறகுவெட்டியின் வீட்டில் நால்வருக்கு உணவில்லை. பெற்ற தாயே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்கிறாள். 1840ஆம் ஆண்டுப் பதிப்பிலோ அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். வறுமை செய்த கொடுமை ஒருத்தியின் குணக்கேடாகச் சுருங்கிவிட்டது. (நம் நாட்டுக் கதைகளிலும் சிற்றன்னைமார் சுமந்த பழி கொஞ்சமன்று.) அந்த வீட்டையும் சற்று உற்று நோக்குவோம். மூலக்கதையில் அதன் சுவர் ரொட்டி, கூரை பணியாரம், சாளரம் சர்க்கரை. பசித்த பிள்ளை முதலிற் கனவு காண்பது ரொட்டியைத்தான். குறிப்பேட்டின் முகப்பில் ரொட்டி இல்லை. மிட்டாய் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

இவ்வாறு கூறுவதால் ஏழைக்கு அழகு எதற்கு என்று கேட்கும் கூட்டத்தில் எம்மைச் சேர்த்துவிட வேண்டா. அத்தகைய முற்போக்கு எமக்கு உடன்பாடன்று. பனையோலைக்குச் சாயமேற்றிப் பெட்டி இழைப்பவள் நம்மூர்ப் பெண்ணே. ஆனால் அந்தப் பெட்டியில் ஒடியல் இருக்கும், பினாட்டு இருக்கும். கை பட்டால் கெட்டுவிடுமென்று எவரும் அதை அலுமாரியிற் பூட்டிவைப்பதில்லை.

காட்டில் ஹன்சல் தூவிய ரொட்டித் துணுக்கைகளைப் பறவைகள் தின்றுவிட, பிள்ளைகளுக்கு வீடு திரும்ப வழி தெரியவில்லை. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. போர் 2009இல் முடிந்தபின் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பி வந்த பலர் வேலியையும் காணவில்லை, ஒழுங்கையையும் காணவில்லை. இம்மாணவியின் அம்மம்மா பற்றை மூடிய கிணற்றை வைத்தே தம் வளவை அடையாளங் கண்டாராம். சீ.ஆர். கொப்பியில் அவள் எழுதிய கட்டுரையிலிருந்துதான் அதை அறிந்தோம்.

அதையே பெரியம்மா தந்த ஏட்டிலும் எழுதலாமே என்றோம். அரைமனதோடு தலையாட்டிச் சென்றாள்.

மறுவாரம் கொண்டுவந்தாள். முதற் பக்கத்திலேயே 'கிணறு' என்பது 'கிணரு' ஆகி, அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. எமது சிவப்பு மைப் பேனாவை நாம் திறக்கவில்லை.