அளவைக் கண்டவர் உரிமை

பரந்தனில் 1950களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் செய்தது. போரில் அது பாழாயிற்று. உப்புநீரில் மின்னைச் செலுத்திப் பிரிக்கும் அம்முறை உலகறிந்தது; எனினும் செறிவு எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று நாளும் பார்த்துச் சீர்செய்யும் கைகளின்றி அத்தகைய ஆலை எதுவும் நடவாது. அவ்வாறு கண்ட அளவொன்றைத் தனதெனப் பதிந்து, 20 ஆண்டுகளுக்குப் பிறர் தொடலாகாது என்று ஒருவர் கூறலாமா?

1955இல் அமெரிக்க நீதிமன்றமொன்றின் முன் இவ்வினா வந்தது. பீனோல் ஆக்கும் முறையொன்று முன்னரே வெளியாகியிருந்தது: 100 பாகை வெப்பம், 10 வீத அமிலம். அலர் என்பாரும் உடன் விண்ணப்பித்தோரும் வெப்பத்தை 40 முதல் 80 பாகைக்குத் தாழ்த்தி, அமிலத்தை 25 முதல் 70 வீதமாக உயர்த்தினர். விளைச்சல் கூடிற்று, ஆக்கவுரிமையோ கிட்டவில்லை. பொது நிபந்தனைகள் தெரிந்தபின் சிறந்த அளவை வழக்கமான சோதனையால் அடைதல் புத்தாக்கமாகாது; விளைவு அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் வேறாய், எதிர்பாராததாய் இருத்தல் வேண்டும் என்றது நீதிமன்றம்.

இத்தீர்ப்பை நாம் ஏற்கிறோம். ஆனால் உறுத்தலின்றி அன்று. விடை கரும்பலகையில் வந்தபின் 'இது தெரிந்ததுதானே' என்னாத மாணவர் உண்டோ? (ஆசிரியரும் விலக்கல்லர்.) பின்னறிவு எதையும் எளிதாக்கிவிடும். நூறு சோதனை செய்து களைத்தவரின் உழைப்பும் உழைப்பே. அதற்குக் கூலி வேண்டும். ஆயின் கூலி வேறு, வேலி வேறு. இரணைமடு நீரை வயலுக்கு எப்போது, எவ்வளவு பாய்ச்சுவதென்று பட்டறிந்த கமக்காரனும் உழைத்தவனே. அவன் அவ்வறிவை அடைத்து வைத்ததில்லை. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும், துறையில் சாதாரணத் திறனுடையவருக்கு வெளிப்படையாகாத ஒன்றையே புத்தாக்கத்தில் வேண்டுகின்றது. அந்தச் 'சாதாரணத் திறன்' பெயரற்ற பலரின் கைகளில் விளைந்த பொதுச்சொத்தன்றோ?

வேலியின் விலை மருந்தில் தெரியும். இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் 'பீட்டா' பளிங்கு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னையில் விண்ணப்பித்தது. 2006இல் மறுக்கப்பட்டது, 2013 ஏப்பிரல் 1இல் இந்திய உச்ச நீதிமன்றமும் மறுத்தது. தெரிந்த பொருளின் புது வடிவம் அப்பொருளின் ஆற்றலைப் பெருக்கினாலன்றிப் புத்தாக்கமாகாது என்பது 2005இல் திருத்தப்பட்ட அந்நாட்டுச் சட்டம். தூள் தடையின்றி ஓடுவதும் ஈரம் உறிஞ்சாதிருப்பதும் ஆலைக்கு நன்மை; நோயைக் குணமாக்குவதில் அவற்றுக்குப் பங்கில்லை. மாதத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் விலைகூறப்பட்ட மருந்தை இந்திய ஆலைகள் ஏறத்தாழப் பத்தாயிரத்துக்கு விற்றன. அந்நிறுவனம் நோயாளர் பலருக்கு அதனை இலவசமாக வழங்கியதும் உண்மையே. ஆயின் தானமாய்ப் பெறுவதற்கும் உரிமையாய்ப் பெறுவதற்கும் உள்ள வேற்றுமையை, நிவாரண வரிசைகளில் நின்ற வன்னி மக்களாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.