பட்டியலின் கடைசி வரி

மதிப்பிடுதல் மனிதனுக்கு மூச்சுவிடுதல் போல இயல்பாகிவிட்டது. காலையில் மறையுரையை மதிப்பிடுகிறோம். நண்பகலில் சமையலை மதிப்பிடுகிறோம். மாலையில் அண்டை வீட்டாரை மதிப்பிடுகிறோம். எந்த அளவுகோலைக் கையில் ஏந்தி மதிப்பிடுகிறோம், யாருடைய இடத்தில் நின்று மதிப்பிடுகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்பவர் மிகச் சிலரே. இவ்வினாவைப் பெரிய விவகாரங்களில் வைத்து ஆராய முற்பட்டால் நம் விருப்பு வெறுப்புகள் குறுக்கே வந்து நிற்கும். ஆகவே, நமக்கு இலாபமோ நட்டமோ இல்லாத ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்வோம்: தொலைதூர நாடொன்றில், கடலோரத்து எளிய மீன் உணவகத்தில், மேசைமீது வைக்கப்படும் மதுப்பட்டியல்.

"சாமியார் மதுவைப் பற்றி எழுதுவதா?" என்று வாசக அன்பர்கள் திகைக்க வேண்டாம். நம் நாட்டில் மது என்றவுடன் சாராயமும், அது சிதைத்த குடும்பங்களும் நினைவுக்கு வருகின்றன. அந்நினைவு நியாயமானதே. திராட்சை இரசத்தையோ நாம் பலிபீடத்தில் மட்டுமே காண்கிறோம். தென் ஐரோப்பாவின் பல ஊர்களில் அது நெடுங்காலமாக உணவோடு சேர்ந்தது. நம் இலையில் மோர் வருவது போல அவர்கள் மேசைக்கு வருவது. அது அன்றாடப் பொருளாக உள்ள இடத்தில் வைத்தே அதைப் பார்ப்போம்.

போர்த்துக்கல் நாட்டின் வடபகுதியில், போர்ட்டோ நகரை ஒட்டி, மத்தோசின்யோஸ் என்னும் மீன்பிடித் துறைமுக ஊர் உள்ளது. அங்கே உணவகங்களின் வாசலிலேயே கரியடுப்பு மூட்டி மீன் சுடுகிறார்கள். கோடையில் சாளை மீன் கொழுப்பேறிச் சுவை மிகும் காலம். ஜூன் 24, புனித திருமுழுக்கு யோவான் பிறப்பு விழாவையொட்டி அப்பகுதித் தெருவெங்கும் சாளை சுடும் மணம் கமழும். கல்லுப்பு, ஒலிவ எண்ணெய், அவித்த உருளைக்கிழங்கு. வேறு அலங்காரம் இல்லை. இத்தகைய உணவகத்தின் மதுப்பட்டியல் பெரும்பாலும் ஒரே தாளில் அடங்கிவிடும்: இளம் வெண்மதுக்கள் சில, செம்மது இரண்டு மூன்று, கடைசி வரியில், பெயர்ச்சீட்டு இல்லாமல் சாடியில் ஊற்றித் தரும் மலிவான மது. இதை எப்படி மதிப்பிடுவது?

முதலில் நேரும் பிழை, அயல் அளவுகோலைக் கொண்டு அளப்பது. நட்சத்திர விடுதிகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் அடங்கிய தடித்த ஏடு தருவார்கள். அதைக் கண்டு பழகியவர் இந்த ஒற்றைத் தாளைப் புரட்டிப் பார்க்கவும் விரும்பாமல், "இங்கே ஒன்றுமில்லை" என்பார். ஒரு பொருளின் நன்மையை அதன் நோக்கத்தைக் கொண்டே அறிய வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் காலந்தொட்டு வரும் தெளிவு. கரியில் சுட்ட மீனுக்குத் துணையாவதே இப்பட்டியலின் நோக்கம். அப்பகுதியின் 'வின்யோ வெர்டே' என்னும் மது அதற்கே பிறந்தது போன்றது. அப்பெயருக்குப் 'பச்சை மது' என்று பொருள். பச்சை என்பது இங்கே நிறத்தைக் குறிக்கவில்லை, இளமையைக் குறிக்கிறது. 1908-ஆம் ஆண்டில் அதன் விளைநிலத்துக்கு எல்லை வகுத்தார்கள். அதன் எளிய வகைகளில் மதுச்சத்து குறைவு, புளிப்பு மிகுதி. பொரித்த மீன்மேல் நாம் எலுமிச்சை பிழிகிறோமே, அந்த வேலையைத்தான் அந்தப் புளிப்பும் செய்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை அறுத்து நாவைத் தூய்மையாக்குகிறது.

செம்மது மீனோடு ஒவ்வாது என்பது பழைய வழக்கு. மதுவில் கரைந்துள்ள இரும்புச்சத்து மிகும்போது மீன்கவிச்சு மேலெழும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் கண்டறிந்தனர். வழக்கில் ஓரளவு உண்மை உண்டு என்பதை இது காட்டுகிறது. ஆயினும் போர்த்துக்கல்லின் அந்த வடபகுதி மக்கள் புளிப்பு மிக்க தங்கள் சிவப்பு 'வின்யோ வெர்டே'யைச் சாளையோடு மகிழ்ந்து அருந்துகிறார்கள். விதியைக் கற்றவன் அந்த மண்ணின் பழக்கத்தையும் கேட்டறிந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பிழை, விலையைக் கண்டு மயங்குவது. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒரே மதுவை 5 டாலர் என்று ஒருமுறையும் 45 டாலர் என்று மறுமுறையும் சொல்லி இருபது பேருக்குக் கொடுத்தார்கள். விலை மிகுந்தது என்று சொன்னபோது அவர்களுக்கு அது கூடுதலாகச் சுவைத்தது. இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் கூடுதலாகக் கிளர்ந்தது. ஆக, அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படி உணர்ந்தார்கள். நம் நாவே நம்மை ஏமாற்றக்கூடும் என்றால், மதிப்பிடுபவனுக்கு முதலில் வேண்டியது தாழ்ச்சி அன்றோ? கானாவூர்த் திருமணத்தின் பந்தி மேற்பார்வையாளரை இங்கே நினைக்கலாம். இரசம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. விலையும் தெரியாது; ஊரும் தெரியாது. சுவைத்தார், நல்லது என்றார். உலகறிந்த மதிப்பீடுகளுள் அதுவே மிகத் தூயது எனலாம்.

மேலே சொன்ன இரண்டும் மதிப்பிடுபவனின் நேர்மையைப் பற்றியவை. பட்டியலின் நேர்மையைச் சோதிக்க இன்னும் ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது.

மதுப்பட்டியல் என்பது அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் இடையே கிடக்கும் தாள். எழுதியவருக்கு எல்லாம் தெரியும். வாசிப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் கூச்சம். மிக மலிவானதைக் கேட்டால் ஏழை என்று எண்ணுவார்களோ என்று அஞ்சி, அதற்கு மேல் வரியில் உள்ளதைச் சுட்டுவார். வாங்கிய விலையைப் போல் இருமடங்கு, மும்மடங்கு வைப்பது பல நாட்டு உணவகங்களில் வழக்கம். மலிவான புட்டிகளுக்கே பெரும்பாலும் அந்த மடங்கு கூடுகிறது. விவரம் அறிந்து விலையுயர்ந்ததை வாங்குபவர் ஒப்பிட்டுப் பார்ப்பார், கூச்சப்படுபவர் பார்க்கமாட்டார். அவருடைய கூச்சமே பிறருக்கு வருவாயாகிறது.

"சாமி, கடைக்காரரும் பிழைக்க வேண்டாமா?" என்று வணிகம் செய்யும் அன்பர் கேட்பார். கேட்பது முறையே. கட்டட வாடகை, உடையும் கண்ணாடிக் குவளைகள், பரிமாறும் பையனின் சம்பளம் எல்லாம் அந்த விலைக்குள்தான் அடங்க வேண்டும். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், குடும்பத்தைக் காக்கவும் எளியோருக்கு உதவவும் வணிகன் தேடும் அளவான இலாபத்தைக் குற்றமாகக் கருதவில்லை. அவர் ஆராயும் ஓர் எடுத்துக்காட்டு நம் வினாவுக்குப் பொருந்தும். பஞ்சம் நிலவும் ஊருக்கு ஒருவன் தானியம் கொண்டுசெல்கிறான். பின்னால் இன்னும் பலர் தானியத்தோடு வருவது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதை அவன் சொல்லியாக வேண்டுமா? நீதியின் கண்டிப்பான கடமையாக அதைச் சுமத்த முடியாது, ஆனால் சொல்வதே மேலான நற்பண்பு என்கிறார் அக்குவினாஸ். பொருளின் மறைந்த குறையைப் பற்றியோ அவர் கண்டிப்பாகவே பேசுகிறார்: வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ விளைவிக்கும் குறையை மறைத்து விற்பது நேர்மையன்று.

ஆகவே உழைப்புக்குப் பெறும் இலாபம் வேறு. பிறர் அறியாமையிலிருந்து கறக்கும் இலாபம் வேறு. இரண்டும் பெட்டிக்குள் ஒரே நாணயமாகவே விழுவதால் வேற்றுமை கண்ணுக்குத் தெரிவதில்லை. போர்த்துக்கல்லில் கேளாமலே மேசையில் ரொட்டியும் ஒலிவக் காயும் வைத்துப் பின்னர்க் கணக்கில் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. விருந்தினர் கேட்டிருந்தாலோ உண்டிருந்தாலோ அன்றி அதற்குப் பணம் பெறலாகாது என்று 2015-ஆம் ஆண்டுச் சட்டம் உரைக்கிறது. சட்டம் அவ்வளவு தூரமே வர முடியும். சாடியில் ஊற்றிய மது நேற்றுத் திறந்ததா, இன்று திறந்ததா என்று எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்காது.

எனவேதான் நல்ல பட்டியலைக் கண்டறியக் கடைசி வரியிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். முதல் வரியில் உள்ள உயர்ந்த மது கடைக்காரரின் பெருமையைச் சொல்லும். கடைசி வரியில் உள்ள மலிவான மது அவருடைய மனச்சான்றைச் சொல்லும். அதைக் கேட்பவரிடம் பணமும் இல்லை. அறிவுச் செருக்கும் இல்லை. நம்பிக்கை மட்டுமே இருக்கிறது. அந்தச் சாடி மது புதியதாகவும் மீனுக்கு ஏற்றதாகவும் இருக்குமானால், தாளில் பத்துப் பெயர்களே இருந்தாலும் அது நல்ல பட்டியல். அது புளித்துப்போனதாக இருக்குமானால், இருநூறு பெயர்கள் இருந்தும் பயனில்லை.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். முழுப்புட்டி 750 மில்லி. ஏறத்தாழ ஐந்து குவளை. அதை மட்டுமே விற்கும் கடை, ஒரு குவளை போதும் என்பவரையும் மிகுதியாகக் குடிக்கத் தூண்டுகிறது. குவளைக் கணக்கிலும் அரைப்புட்டியிலும் தரும் கடை அளவை மதிக்கிறது. தண்ணீர் மட்டும் கேட்பவரையும் அதே முகமலர்ச்சியோடு உபசரித்தால், அந்த மேசையில் விருந்தோம்பல் முழுமையடைகிறது.

அன்புக்குரியவர்களே, நம்முள் மதுக்கடை நடத்துவோர் இலர். ஆயினும் நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. மருந்துக் கடையில் நிற்பவர், பள்ளியில் கற்பிப்பவர், பத்திரம் எழுதித் தருபவர், ஒப்புரவுக்கு வருவோர்க்கு அறிவுரை கூறும் குரு ஆகிய அனைவரும், அறியாதவர் ஒருவருக்கு எதையோ எடுத்து நீட்டுகிறோம். கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு நாம் தருவது எப்படியும் நன்றாகவே இருக்கும், அவர் விடமாட்டார். கேட்கத் தெரியாமல், "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்பவருக்கு நாம் எதை எடுத்துத் தருகிறோம்? நம்மை மதிப்பிட வருகிறவர் அங்கிருந்தே தொடங்கட்டும்.