பட்டாவும் வாய்க்காலும்

நகரத்தின் ஓரத்துச் சிற்றூரில் வாழும் நாம், காலையில் பேருந்தேறி நகரத்திற்குச் செல்கிறோம்; மாலையில் ஏரிக்கரைக் காற்றை நாடித் திரும்புகிறோம். இவ்வமைதியைப் பெரும்பேறாகக் கருதுகிறோம். ஆயினும் அந்நகரமே நம் வரப்பு வரை வந்து, நிலத்திற்கு விலை கேட்கும்பொழுது ஓர் அறக்கேள்வியும் உடன் வருகிறது. நமக்குரிய நிலத்தை நாம் விற்பதில் பிறர்க்கு என்ன வழக்கு?

மேலோட்டமாக நோக்கின் வழக்கு ஒன்றுமில்லை. பட்டா நம் பெயரில் உள்ளது. மகளின் திருமணம், மகனின் கல்வி, மருத்துவச் செலவு ஆகியவற்றிற்காக விற்பவரைப் பழித்தல் முறையன்று. விளைச்சல் கட்டுப்படியாகாத உழவரை நோக்கி, நகரத்தில் வீடு கட்டிக்கொண்டவர் 'விற்காதீர்' என்று அறிவுரை கூறுவதும் பொருந்தாது.

ஆனால் செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களில் நம் வயல்கள் பெரும்பாலும் ஏரிப் பாசன வயல்கள். மதகைக் கடந்த நீர் தலைமடையில் பாய்ந்து, வயல்களின் ஊடே கடைமடையை அடைகிறது. மிகுந்த நீர் கலங்கல் வழியே அடுத்த ஊர் ஏரிக்குச் செல்கிறது. இடையிலுள்ள ஒரு வயல் மண்ணிட்டு மேடாக்கப்பட்டால் கீழ்வயலின் பயிர் காய்கிறது. பெருமழையிலோ, வடிய வழியற்ற வெள்ளம் வீடுகளுள் புகுகிறது. வேளச்சேரியும் மடிப்பாக்கமும் ஒரு காலத்தில் வயல் சூழ்ந்த சிற்றூர்களே. 2015 டிசம்பர் மழையில் அவை நீரில் நின்றன. 2019 கோடையில் அதே சென்னை, தண்ணீர் லாரிக்காகக் குடங்களுடன் காத்து நின்றது.

அங்கீகாரம் பெறாத மனைகளின் பதிவிற்கு 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. சட்டம் வரைபடத்தைக் காண்கிறது. வரைபடத்தில் இல்லாமல், தலைமுறை வழக்கத்தால் மட்டுமே நம் வயலினூடே ஓடும் சிறு வாய்க்காலை யார் காண்பார்? வாங்குபவர் அறியார், அதிகாரி அறியார். விற்கின்ற நாம் அறிவோம். அறம் நம்மை வினவும் இடம் இதுவே.

கள்ளாமை என்பது கொடாததைக் கொள்ளாமை. பிறர் பெட்டியைத் திறவாததால் நாம் நிறைவு கொள்கிறோம். வயல் நமது, அதன் வழியே அண்டை வயலுக்குச் செல்லும் நீர் நமதன்று. அதனை மறைத்துப் பெறும் விலையில், நமக்குக் கொடுக்கப்படாத ஒரு பங்கும் கலந்திருக்கிறதன்றோ?

ஆகவே விற்க நேருமாயின், வாய்க்காலுக்குரிய இடத்தை அளந்து விலக்கி, எஞ்சியதற்கே விலை பேசுவோம். அந்நீர்வழியைக் கிரயப் பத்திரத்தில் எழுதுவிப்போம். மனை வாங்குவோரும், நீர் எவ்வழி வந்து எவ்வழி செல்கிறது என்று ஊர்ப் பெரியோரைக் கேட்டறிதல் கடமையாகும். இதனால் கைக்கு வரும் தொகை சிறிது குறையலாம். அக்குறைவைக் கண்டு வருந்த வேண்டுவதில்லை. அது நம்முடையதாக என்றும் இருந்ததில்லை.